படத்தில் இல்லாத பனி

செபஸ்தியாம்பிள்ளைக்குச் சில நாட்களில் தான் இருக்கும் ஊரின் பெயரே பிடிபடாது. லண்டன் ஹவுன்ஸ்லோவை மன்னார் என்பார். வீட்டுக்கு மேலால் தாழப் பறந்து இறங்கும் விமானத்தைக் கண்டு, குண்டு போடப் போகிறான் என்று மேசைக்குக் கீழே குனிவார். ஆனால் பின்னேரம் தொலைக்காட்சியில் பார்த்த படத்தின் கதையை மட்டும் ஒன்றும் விடாமல் சொல்வார். மகள் ஜெனோஜா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னமே தொடங்கிவிடுவார்.

"பிள்ளை, இண்டைக்கு அந்தத் தாய்க்காரி மூத்தவன்ரை கன்னத்திலை ஒண்டு குடுத்தாள். படியிலை வைச்சு. அவன் கையிலை இருந்த கிளாஸ் விழுந்து கீழ்ப்படி மட்டும் உருண்டு போச்சுது."

"ஏனப்பா அடிச்சவ?"

"குடிச்சிட்டு உண்மையைச் சொல்லிப்போட்டான். அந்த வீட்டிலை குடிக்கலாம். உண்மை சொல்லக்கூடாது."

ஜெனோஜாவுக்கு முப்பத்து மூன்று வயது. ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. தகப்பனின் மறதி முற்றத் தொடங்கியதும், தனியாக எடுத்திருந்த அறையை விட்டுவிட்டுத் தாய் தகப்பனிடமே திரும்பி வந்திருந்தாள். தாய் அஞ்சலீனா முதலில் ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்திலும், பிறகு விமானச் சாப்பாடு கட்டும் இடத்திலும் நின்று முழங்காலைத் தேய்த்தவள். இப்போது அவளுக்கு முழுநேர வேலை கணவன்தான். அவர் அந்தரப்படத் தொடங்கினால் அமைதிப்படுத்த ஒரே வழி, அமெரிக்காவில் எழுபது வருடங்களுக்கு முன் எடுத்த அந்தக் குடும்பப் படங்கள். பெரிய வெள்ளை வீடு, வளைந்து இறங்கும் படிக்கட்டு, முத்துமாலை போட்ட தாய், ஒருவரை ஒருவர் பார்க்காமலே பேசும் சகோதரர்கள். நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு, பின்னால் வயலின் அழ, ஒரு குடும்பம் தன்னைத்தானே தின்று முடிக்கும். மரம் அரிந்து விற்கும் மரக்காலை ஒன்றின் சொந்தக்காரக் குடும்பத்தின் கதையை அஞ்சலீனா பதிந்து வைத்திருந்தாள். கிட்டத்தட்ட ஒவ்வொரு பின்னேரமும் அதுதான் ஓடும்.

தகப்பன் சொல்லும் கதையில் ஜெனோஜாவுக்கு மிகவும் பிடித்த பாத்திரம், மேல்மாடிப் பின்னறையில் ஒளித்து வைக்கப்பட்டிருந்த ஒரு பெண்.

"வயித்திலை பிள்ளை. வீட்டுக்காரியின்ரை தங்கச்சி அவள். ஆரும் வந்தால் அசையக்கூடாது. பலகை கிறீச்சிடுமெல்லே, அதுக்காகக் கட்டில்லை காலைத் தூக்கிப்போட்டுக்கொண்டு இருப்பாள். பிள்ளை பிறந்தது. பிள்ளையைத் தாங்கள் வைச்சுக்கொண்டு அவளைப் போகச் சொல்லிப்போட்டினம். நல்ல ஸ்னோ."

"பிறகு?"

"பிறகு பின்கதவிலை தட்டிச்சுது."

"துறந்தினமோ?"

செபஸ்தியாம்பிள்ளை தன் உள்ளங்கைகளைப் பார்ப்பார். "துறக்கேல்லை" என்பார். அதற்குப் பிறகு தேத்தண்ணி கேட்பார். அன்றைய கதை அத்தோடு முடியும்.

ஆனியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஜெனோஜாவுக்கு விடுமுறை. தகப்பனோடு சோபாவில் உட்கார்ந்து அந்தப் படத்தை முதல்தடவையாகப் பார்த்தாள். நல்ல படம்தான். ஆனால் அது ஏதோ தென்பகுதி ஊரில் நடக்கும் கதை. எல்லோருக்கும் வேர்த்துக்கொண்டே இருந்தது. பெண்கள் விசிறியைக் கீழே வைத்தபாடில்லை, ஆண்களின் சட்டை முதுகில் ஒட்டிக் கிடந்தது. அந்த வீட்டில் பிள்ளைத்தாச்சி ஒருத்தியும் இல்லை. மருமகளுக்குப் பிள்ளை இல்லை என்பதே பெரிய சண்டையாக ஓடிக்கொண்டிருந்தது.

'இனித்தான் வருவாள் போல' என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போது, தகப்பனின் விரல் சோபாவின் கைப்பிடியில் தட்டத் தொடங்கியது. அவசரமாக இரண்டு தட்டு. ஒரு இடைவெளி. பிறகு மெதுவாக ஒன்று. திரும்பவும் அதேமாதிரி. அவர் எழும்பினார். ஊன்றுகோல் இல்லாமல் குளியலறைக்கே போக முடியாத மனிதர், கோலைத் தொடாமல் குசினியைத் தாண்டிப்போய்ப் பின்கதவின் திறப்பைத் திருப்பினார். கதவைத் திறந்துவிட்டு, யாருக்கோ வழிவிடுவதுபோல் சுவரோடு ஒதுங்கி நின்றார்.

"வாருங்கோ. உள்ளை வாருங்கோ" என்றார்.

வெளியில் வெயில். கொடியில் காய்ந்த துவாய்கள், வேலி, அதற்கப்பால் குப்பைத் தொட்டிகள் நிற்கும் பின் ஒழுங்கை. ஒருவரும் இல்லை. ஆனால் பின்னால் வந்து நின்ற ஜெனோஜாவின் வெறுங்காலில், ஐஸ் பெட்டியைத் திறந்தால் வருமே, அப்படி ஒரு குளிர் ஊர்ந்தது.

மேல்மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்த அஞ்சலீனா, தேய்ந்த முழங்காலோடு எப்படி அவ்வளவு கெதியாக இறங்கி வந்தாளோ தெரியாது. கணவனைத் தள்ளாத குறையாக விலக்கிக் கதவை அறைந்து பூட்டினாள்.

"என்னம்மா இது?"

"ஒண்டுமில்லை. படத்திலை வாறதுதான். அந்தப் பெட்டை வந்து கதவிலை தட்டுவாளெல்லே, அதைத்தான் இவர் செய்து பாக்கிறார்."

செபஸ்தியாம்பிள்ளை பழையபடி சோபாவில் போய் உட்கார்ந்தார். திரையில் முத்துமாலைத் தாய் விசிறிக்கொண்டிருந்தாள்.

அடுத்தநாள் மதிய இடைவேளையில், கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருந்து ஜெனோஜா அதே படத்தைத் தொலைபேசியில் கடைசிவரைக்கும் பார்த்தாள். மரக்காலை எரிந்தது, பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போனார்கள், வெறும் படிக்கட்டில் தாய் தனியே நின்றாள். மேல்மாடியில் ஒளித்து வைத்த பெண் இல்லை. பின்கதவு என்று ஒன்றை யாரும் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை. மறதிக்காரத் தகப்பன் இரண்டு மூன்று படங்களைக் குழப்பியிருக்கலாம் என்று விட்டுவிட ஏலும். ஆனால் தினமும் அதைப் போட்டுவிடும், மறதி இல்லாத தாயும் அது படத்தில் வருவது என்றாளே? மீதிச் சான்ட்விச்சைத் தாளில் சுற்றி வைத்தாள்.

சனிக்கிழமை காலை அஞ்சலீனா குசினித் தொட்டியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். செபஸ்தியாம்பிள்ளை முன்னறையில் வாயைத் திறந்தபடி நித்திரை.

"அம்மா, அந்தப் படத்திலை ஸ்னோ இல்லை" என்றாள் ஜெனோஜா.

கத்தி நின்றது.

"முழுக்கப் பாத்தனியோ?"

"ஓம். ஒரு பெட்டையும் வந்து கதவிலை தட்டேல்லை. அப்பா சொல்றது சரி, மறதி வருத்தம். நீங்கள் ஏன் அது படத்திலை வாறது எண்டனீங்கள்?"

அஞ்சலீனா தண்ணீர்க் குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். கழுவி முடிந்த பிறகும் கழுவிக்கொண்டே நின்றாள்.

"உனக்குக் கிளறிற்றாவைத் தெரியும்தானே."

"ராமேஸ்வரத்துக்குப் போகேக்கை கடலிலை செத்த சின்னம்மா. ஒவ்வொரு கார்த்திகையும் பூசைக்குப் பேர் குடுக்கிறனீங்கள்."

"அவள் கடலிலை சாகேல்லை, பிள்ளை. இஞ்சைதான் இருந்தவள். உன்ரை அறையிலை."

தலைக்கு மேல் ஒரு விமானம் போனது.

அஞ்சலீனா சொன்ன கதை இது. தங்கச்சி கிளறிற்றா, களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலம் மொஸ்கோ வழியாக லண்டனுக்கு வந்து சேர்ந்தபோது வயிற்றில் பிள்ளை. தகப்பன் யார் என்று அவள் வாயைத் திறக்கவில்லை. அஞ்சலீனாவுக்குக் கலியாணமாகி ஏழெட்டு வருடமாகியும் பிள்ளை இல்லை. அழுது, பேசி, செபமாலை சொல்லி மூவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பிள்ளை அஞ்சலீனாவின் பிள்ளையாக வளரும். அதற்காகக் கிளறிற்றாவை யாரும் பார்க்காமல் பின்னறையில் வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் அவள் தமக்கையின் பெயரைத்தான் சொன்னாள். மார்கழியில் பிள்ளை பிறந்தது.

ஜெனோஜாவின் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டன. "அப்ப நான்..."

"பெத்தது அவள்."

"அப்பா?"

"இரத்தம் எண்டு பாத்தா ஒண்டுமில்லை. ஆனா உனக்குச் சளி கட்டின நாளெல்லாம் உன்னைத் தோளிலை போட்டுக்கொண்டு இந்தக் கூடத்திலை நடந்தவர் அவர்தான். அதை மறந்து கதைக்காதை."

"ஏன் சின்னம்மாவைத் துரத்தினீங்கள்?"

அஞ்சலீனா மீனைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "போத்தில் பால்தான் குடுக்கிறது எண்டு பேச்சு. ஒருநாள் லோண்ட்றியிலை இருந்து வேளைக்கு வந்தனான். அவள் மேலை இருந்து உனக்குப் பால் குடுத்துக்கொண்டிருந்தாள். நீ அவளைப் பாத்துச் சிரிச்சாய். நான் தூக்கினா வீரிட்டு அழுவாய். அதைத் தாங்க எனக்கு ஏலாமல் போச்சுது. 'நீ நிக்குமட்டும் இது என்ரை பிள்ளையாகாது, போ' எண்டு அவளுக்குச் சொல்லிப்போட்டன். அவள் மறுகதை கதைக்கேல்லை. சட்டை முழுக்கப் பால் ஈரம். அதுக்கு மேலை கோட்டைக் கொழுவிக்கொண்டு முன்வாசலாலை இறங்கிப் போனாள். அந்த மாசியிலை விழுந்த மாதிரி ஸ்னோ அதுக்குப் பிறகு நான் காணேல்லை."

கிளறிற்றா போன அன்று பின்னேரம், வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்த நேரம். பிள்ளை கத்தியது. தொலைக்காட்சியில் யாரும் பார்க்காமல் ஏதோ ஒரு படம் ஓடியது. அப்போதுதான் பின்கதவில் தட்டும் சத்தம் கேட்டது. செபஸ்தியாம்பிள்ளை எழும்பினார்.

"துறந்தீங்களெண்டா நான் பிள்ளையோடை ரெயிலுக்கு முன்னாலை போய் நிப்பன் எண்டனான். மனிசன் இருந்திட்டுது. கனநேரம் தட்டினது. பலமா இல்லை. மரியாதையா, ஆக்கள் நித்திரையோ எண்டு யோசிச்சுத் தட்டுற மாதிரி. பிறகு நிண்டிட்டுது. நான் போய்த் துறந்து பாத்தனான். ஸ்னோ பஞ்சு மாதிரி அப்பிடியே கிடந்தது. ஒரு காலடி இல்லை. மேலை விழுந்து மூடியிருக்கும் எண்டு உன்ரை அப்பா சொன்னார்."

"அப்ப அவ எங்கை?"

"லண்டனிலைதான், டூட்டிங்கிலை. பிளவுஸ் தைக்கிற கடையிலை கண்டதா எங்கடை கோயில் ஆள் ஒருத்தர் வந்து சொன்னவர். ஆளை மாறிக் கண்டிட்டியள் எண்டு அனுப்பிப்போட்டன்."

"உயிரோடை இருக்கிறவவுக்கோ இவ்வளவு காலமும் பூசை குடுத்தனீங்கள்?"

"நிப்பாட்டினா ஆக்கள் கேப்பினமெல்லே" என்றாள் அஞ்சலீனா. சொல்லிவிட்டு, ஈரக் கையை முகத்தில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜெனோஜா அவளைத் தொடவில்லை. தொட வேண்டும் என்றுதான் கை போனது.

அப்பர் டூட்டிங் ரோட்டில், மரக்கறிக் கடை ஒன்றின் மேல்மாடியில் அந்தத் தையல்கடை இருந்தது. ஜெனோஜா குறுகிய படியில் ஏறிப் போனாள். மேலே, கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு மெலிந்த பெண் தையல் மெசினுக்கு முன்னால் குனிந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தவளின் கால், மிதியில் அப்படியே நின்றது.

"இரு" என்றாள். "இந்தக் கையை முடிச்சிட்டு வாறன்."

பச்சைப் பட்டுச் சட்டையின் கையைக் கடைசிவரைக்கும் தைத்து, நூலைப் பல்லால் கடித்துவிட்டு எழுந்து போய், கடைக் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகுதான் ஜெனோஜாவின் முகத்துக்குக் கிட்டே வந்தாள்.

"நெத்தி எங்கடை அம்மாவின்ரை நெத்தி" என்றாள். அழவில்லை. "ஆர் சொன்னது? அக்காவோ?"

"அப்பாதான் முதல் சொன்னவர். படம் எண்டு நினைச்சுச் சொன்னவர்."

தகப்பனின் மறதியையும் அவர் தினமும் சொல்லும் கதையையும் ஜெனோஜா சொல்லச் சொல்ல, கிளறிற்றாவின் வாய் ஒரு பக்கம் கோணிச் சிரித்தது.

"அந்த வீட்டிலை யன்னல் சீலையைத் துறக்க விடமாட்டினம். படம் பாக்கிறதுதான் எனக்கு வேலை. இங்கிலீசு அப்பிடித்தான் படிச்சனான். அத்தான் ஷிப்ட் முடிஞ்சு வந்து, 'என்னடி கிளறிற்றா, இண்டைக்கு என்ன நடந்தது?' எண்டு கேப்பார். நான் முழுக்கதையும் சொல்லுவன். நல்ல மனிசன். ஆனா அக்காவுக்குப் பயம்."

"உங்களுக்கு ஒவ்வொரு வருசமும் பூசை நடக்குது."

"தெரியும். ஒருக்கா உன்னைப் பாக்கவேணும் போலை கிடந்தது. கோயிலுக்கு வந்து பின் வரிசை வாங்கிலை இருந்தனான். நீ வெள்ளைச் சட்டை, சின்னப்பிள்ளை. சாமியார் செத்தவையின்ரை பேர் வாசிச்சுக்கொண்டு வந்தார். என்ரை பேரும் வந்தது. எல்லாரும் 'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' எண்டு சொல்லிச்சினம். நானும் சொன்னனான். என்ன செய்யிறது, வாய் வந்திட்டுது. வெளியிலை வரேக்கை என்ரை கையை நுள்ளிப் பாத்தனான், பிள்ளை. அதோடை அந்தப் பக்கம் வாறேல்லை."

கீழே பஸ் ஒன்று நின்று புறப்பட்டது. ஜெனோஜா கேட்க வந்ததைக் கேட்டாள்.

"அண்டைக்குத் திரும்பி வந்தீங்கள்தானே? பின்கதவிலை தட்டினீங்களாம். துறக்காமல் விட்டது அப்பாவை இண்டைக்கும் அரிச்சுக்கொண்டு கிடக்குது."

"நானோ?" கிளறிற்றா நிமிர்ந்தாள். "நான் திரும்பி வரேல்லை. அந்தப் படங்களிலை பிள்ளையைக் குடுத்த தாய்மார் எப்பவும் திரும்பி வந்து கேற்றடியிலை நிண்டு அழுவினம். அப்பிடி நிக்கமாட்டன் எண்டு சொல்லிக்கொண்டுதான் இறங்கினனான். பஸ் எடுத்து, தெரிஞ்ச கன்னியாஸ்திரி ஒராளிட்டைப் போனனான். இருட்ட முதல் அங்கை அடுப்படியிலை இருந்தனான். பின்கதவாலை வாறதெண்டா பின் ஒழுங்கை தெரியவேணும். அந்த முற்றத்திலை ஒருநாள் கால் வைக்க விட்டிருப்பினமே என்னை?"

"ஆனா ரண்டு பேரும் கேட்டிருக்கினம். அப்பா இப்பவும் பின்னேரம் படம் ஓடேக்கை அப்பிடியே தட்டிப்போட்டு, போய்ப் பின்கதவைத் துறக்கிறார்."

ஜெனோஜா துணி வெட்டும் மேசையில் தட்டினாள். அவசரமாக இரண்டு. ஒரு இடைவெளி. மெதுவாக ஒன்று. இரண்டாம் தரம் தட்டத் தொடங்கமுன் கிளறிற்றாவின் உள்ளங்கை அவள் கையின்மேல் விழுந்து அழுத்தியது. அந்தக் கை சில்லிட்டிருந்தது.

"இதை ஆர் உனக்குச் சொல்லித் தந்தது?"

"அப்பா தட்டுறதுதான்."

கிளறிற்றா நெடுநேரம் கையை எடுக்கவில்லை. பிறகு, முப்பது வருடத்துக்கு மேலாகத் தமக்கைக்கும் சொல்லாததைச் சொன்னாள்.

மொஸ்கோவில் ஒரு பிளாட்டுக்குள் எல்லோரையும் அடைத்து வைத்திருந்தார்கள். வெளியில் போய்ப் பாண் வாங்கி வருபவன் பொஸ்கோ என்ற யாழ்ப்பாணத்துக் குருநகர்ப் பெடியன். அவன் தட்டும் விதத்தில் தட்டினால் மட்டுமே உள்ளே இருப்பவர்கள் கதவைத் திறப்பார்கள். வேறு யார் தட்டினாலும் மூச்சுக்கூட விடமாட்டார்கள். பெண்களை முதலில் அனுப்பினான் ஏஜென்சிக்காரன். பொஸ்கோ குளிர்காலத்துக்குள் வந்துவிடுவதாகச் சொன்னான். அக்காவின் ஹவுன்ஸ்லோ விலாசத்தைச் செபம் மாதிரிப் பாடமாக்கி வைத்திருந்தான்.

"அவன் வருவான் எண்டுதான் நான் ஒருத்தருக்கும் பேர் சொல்லாமல் இருந்தனான். வந்து தானே சொல்லட்டும் எண்டு. கன வருசத்துக்குப் பிறகு, அவனோடை நடந்து வந்த ஒராள் இந்தக் கடைக்குப் பெஞ்சாதியோடை வந்தவர். போலந்து எல்லையிலை ஸ்னோவுக்குள்ளை பொஸ்கோ இருந்திட்டானாம். 'நீங்கள் போங்கோ, நான் ஹவுன்ஸ்லோவுக்கு வாறன்' எண்டு சொன்னானாம். அவையும் விட்டிட்டு நடந்திட்டினம்."

"எப்ப?"

"நீ பிறந்ததுக்கு அடுத்த மாசிதான். நாள் ஒருத்தருக்கும் தெரியாது."

பிறகு கிளறிற்றா எழுந்து, அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினாள். "அத்தான் கதவு துறக்கிறது எந்த நேரம்?" என்று கேட்டாள்.

அன்று ஜெனோஜா வீட்டுக்கு வந்து, சின்னம்மா திரும்பி வரவில்லை என்பதைத் தாயிடம் சொன்னாள். அஞ்சலீனா முதலில் கோபப்பட்டாள். "பொய் சொல்றாள். அவள்தான் தட்டினவள். வேறை ஆர்?" என்றாள். பொஸ்கோவின் கதையைக் கேட்டதும் எழுந்து போய்ப் பின்கதவில் திறப்புச் சரியாகத் திரும்பியிருக்கிறதா என்று பார்த்தாள். திரும்பி வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "அது தட்டேக்கை எனக்கு அவள் மேலை கோபம்தான் இருந்தது, பிள்ளை. பயம் இருக்கேல்லை" என்றாள். "இப்பதான் பயமாக் கிடக்கு."

செவ்வாய்க்கிழமை கிளறிற்றா முன்வாசலால் வந்தாள். அஞ்சலீனா கதவைத் திறந்தாள். இரண்டு பேருடைய தலையும் நரைத்திருந்தது.

"மெலிஞ்சு போனாய்" என்றாள் அஞ்சலீனா.

"நான் உங்களைப் பாக்க வரேல்லை, அக்கா."

கூடத்தில் படம் தொடங்கியிருந்தது. செபஸ்தியாம்பிள்ளை சோபாவின் நடுவில் இருந்தார். உள்ளே வந்தவளை அவர் ஏற இறங்கப் பார்த்தார். மகளின் பெயரைக்கூட அன்று காலையில் அவர் தவறவிட்டிருந்தார்.

"என்னடி கிளறிற்றா, இண்டைக்கு என்ன நடந்தது?" என்றார்.

அதுவரை கல்லாக இருந்தவள் அந்த ஒரு கேள்வியில் உடைந்தாள். சோபாவின் ஓரத்தில் இருந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அவர், படத்தை மறைக்காதே என்பதுபோல் அவளுடைய தோளை மெல்ல ஒதுக்கிவிட்டுத் திரையைப் பார்த்தார்.

திரையில் தாய் படியில் இறங்கத் தொடங்கும்போது தட்டும் சத்தம் கேட்டது. ஜெனோஜா தகப்பனின் கையைப் பார்த்தாள். இரண்டு கைகளும் மடியில் கோத்துக் கிடந்தன. சத்தம் குசினிப் பக்கமிருந்து வந்தது. அவசரமாக இரண்டு. இடைவெளி. மெதுவாக ஒன்று. பலமாக இல்லை. வீட்டுக்காரரைத் தொந்தரவு செய்கிறோமோ என்று தயங்கும் ஒருவரின் தட்டல்.

செபஸ்தியாம்பிள்ளை எழும்பப் பார்த்தார். அவருக்கு முன்னால் அஞ்சலீனா நின்றாள்.

"நீங்கள் இருங்கோ. துறக்கவேண்டாம் எண்டு சொன்னது நான்தானே" என்றாள்.

அவள் போனாள். கிளறிற்றாவும் ஜெனோஜாவும் பின்னால் போனார்கள். திறப்பைத் திருப்ப அஞ்சலீனாவுக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. கதவு திறந்தது. வெளியில் முழு வெயில். கொடியில் படுக்கை விரிப்புகள் அசையாமல் தொங்கின. ஆனால் குசினி யன்னல் கண்ணாடி கண்ணுக்கு முன்னாலேயே வெள்ளையாகப் பனிப்புகார் பிடித்தது. மூவரின் மூச்சும் வாயிலிருந்து புகையாக வந்தது. ஜெனோஜா இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். இங்கே எந்தக் குளிரும் இப்படி இருந்ததில்லை. ஏதோ பெரிய வெளியில், நாட்கணக்காக நடந்து வந்த குளிர் அது.

"பொஸ்கோ" என்றாள் கிளறிற்றா. அதட்டுகிற குரல், வீட்டுக்கு நேரம் பிந்தி வந்தவனைக் கேட்கிற குரல். "அங்கை நிண்டு விறையாதை. உள்ளை வா. உன்ரை பிள்ளை நிக்குது."

குளிர் வாசற்படியைத் தாண்டியது. அஞ்சலீனாவைக் கடந்தது. அவள் கண்ணை இறுக்கி மூடி, சிலுவை போட்டாள். ஜெனோஜாவுக்கு முன்னால் வந்து அது நின்றது. யாரோ குனிந்து, நிதானமாக, முகத்தைப் படிப்பதுபோல் இருந்தது. ஓடவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. நெற்றியில் மட்டும் ஈரமான எதுவோ பட்டது. பிறகு அது கூடத்துப் பக்கம் போனது.

அஞ்சலீனா கதவைச் சாத்தினாள். பூட்டவில்லை.

அதற்குப் பிறகு தட்டும் சத்தம் கேட்கவில்லை. கிளறிற்றா அன்று தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனாள். இப்போது சில செவ்வாய்க்கிழமைகளில் வருகிறாள். சகோதரிகள் மீன் விலையையும் முழங்கால் நோவையும் பேசிக்கொள்கிறார்கள். ஒருநாள் அஞ்சலீனா தொட்டிப் பக்கம் திரும்பி நின்று, தண்ணீர் ஓடும் சத்தத்துக்குள், "என்னை மன்னிச்சுக்கொள்ளடி" என்றாள். கிளறிற்றா கேட்டாளா, கேட்காததுபோல் இருந்தாளா என்பது ஜெனோஜாவுக்குத் தெரியவில்லை. ஜெனோஜா ஒருத்தியை அம்மா என்றும் மற்றவளைச் சின்னம்மா என்றுமே கூப்பிடுகிறாள். மாற்றிக் கூப்பிடச் சொல்லி இருவரும் கேட்கவில்லை.

செபஸ்தியாம்பிள்ளை இப்போது பின்னேரங்களில் எழும்பிப் போவதில்லை. ஆனால் சோபாவின் நடுவில் இருந்த மனிதர் ஒரு கரையில் ஒதுங்கி இருக்கிறார். நடுவில் யாரையும் இருக்க விடுவதில்லை. அந்த இடத்தில் கை வைத்தால், யன்னலோரக் கல்லில் வைத்ததுபோல் சில்லென்று இருக்கும்.

நேற்று ஜெனோஜா வேலையால் வேளைக்கு வந்தாள். படம் ஓடிக்கொண்டிருந்தது. தகப்பன் அவளைக் கண்டதும் கையசைத்துக் கிட்டே கூப்பிட்டு, காதில் மெதுவாகச் சொன்னார்.

"பாவம், தம்பிக்கு இங்கிலீசு விளங்கேல்லை. எனக்குச் சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போச்சுது. நீ இருந்து சொல்லு, பிள்ளை."

அவள் கோட்டைக் கழற்றாமலே மற்றக் கரையில் இருந்தாள். நடுவில் இருந்த வெறுமையின் பக்கம் அரைவாசி திரும்பினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அந்தா, முத்துமாலை போட்டிருக்கிறா, அவதான் தாய்" என்றாள். "குடிக்கிறவர் மூத்த மகன். அவருக்கும் தாய்க்கும் ஆகாது. இப்ப அவர் ஒரு உண்மை சொல்லப் போறார், பாருங்கோ."